இருமல் கேட்கும் தூரம்

காலை ஐந்தே முக்காலுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இரண்டு முறை இருமுவார். சற்றுப் பொறுத்து, குழாயில் தண்ணீர் ஓடும் அதிர்வு செங்கல் வழியாக என் தலையணை வரை வரும். படியில் காலடி, கீழே ஒரு கதவு, அப்புறம் ஒன்றும் கேட்காது. பன்னிரண்டு வருடங்களாக என் பொழுது இப்படித்தான் விடிகிறது. எண்பதைத் தாண்டிய அந்த மனிதரின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர் மட்டும்தான். ஆனால், அவர் வீட்டுக்குள் நான் காலெடுத்து வைக்கப் பத்து வருடம் ஆயிற்று.

நான் இருப்பது ரேனர்ஸ் லேன். வடமேற்கு லண்டனில் ஹாரோவைச் சேர்ந்த புறநகர். பேக்கர் ஸ்ட்ரீட்டில் மெட்ரோபாலிட்டன் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். 2012-ல் கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து இங்கே வந்த முதல் வாரம், அம்மா போனில் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“என்னடி, அக்கம்பக்கத்துல யாருமே இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோமே!”

“இருக்காங்கம்மா. எல்லாரும் வீட்டுக்குள்ளதான் இருக்காங்க.”

“உள்ள இருந்தா? ஒரு வீட்லகூடவா குக்கர் விசில் அடிக்காது?”

அம்மாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த அமைதி இயற்கையாக அமைந்தது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. ரயில் கம்பெனியும் அரசாங்கமும் வீடு கட்டியவர்களும் சேர்ந்து செங்கல் செங்கலாக எழுப்பியது இது. அதைக் குலையாமல் காப்பாற்றும் வேலையை இந்தத் தெருவில் ஒவ்வொருவரும் தினமும் செய்கிறார்கள்.

புல்வெளியில் முளைத்த தெரு

ரயில் வருவதற்கு முன் மிடில்செக்ஸின் இந்தப் பக்கமெல்லாம் புல்வெளி. லண்டன் தெருக்களில் வண்டி இழுத்த குதிரைகளுக்கு இங்கிருந்துதான் காய்ந்த புல் கட்டுக் கட்டாகப் போனது. மோட்டார் வண்டி வந்ததும் குதிரைகள் குறைந்தன, புல்லுக்குக் கிராக்கி போயிற்று, நிலம் மலிந்தது. 1904-ல் ஹாரோவிலிருந்து அக்ஸ்பிரிட்ஜுக்கு மெட்ரோபாலிட்டன் ரயில்வே ஒரு கிளைப் பாதை போட்டது. 1906-ல் வயல் நடுவே சின்னதாக ஒரு நிறுத்தம் வைத்தார்கள். அதுதான் ரேனர்ஸ் லேன். காற்றை மறிக்க ஒரு வீடுகூட இல்லாத வெட்டவெளி என்பதால், ரயில்வே ஊழியர்கள் அதற்கு ‘நிமோனியா ஜங்ஷன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1863-ல் உலகின் முதல் சுரங்க ரயிலை ஓட்டியது இந்த மெட்ரோபாலிட்டன் கம்பெனிதான். பாதை போட்டதுபோக மிஞ்சிய நிலத்தை மற்ற ரயில் கம்பெனிகள் விற்றுவிட வேண்டும். இவர்கள் மட்டும் கையில் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றிருந்தார்கள். நிலமும் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது, ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும். 1915-ல் கம்பெனியின் விளம்பரப் பிரிவு ‘மெட்ரோ-லேண்ட்’ என்றொரு பெயரை உருவாக்கியது. அந்தப் பெயரில் ஆண்டுதோறும் ஒரு வழிகாட்டிப் புத்தகம், 1932 வரை வெளிவந்தது. பட்டணத்தில் வேலை, நாட்டுப்புறத்தில் வீடு, நடுவில் ரயில் என்பதுதான் அதன் அழைப்பு. 1919-ல் வீட்டு மனைகளுக்கென்றே தனிக் கம்பெனியும் தொடங்கினார்கள். புகையும் நெரிசலுமாக இருந்த லண்டனின் நடுப்பகுதியில் வாடகைக்கு இருந்த குமாஸ்தாக்களுக்கு இந்த அழைப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1932-ல் வங்கி வட்டி 2 சதவிகிதத்துக்கு இறங்கியதும், மாதச் சம்பளக்காரர்களும் வீட்டுக் கடன் வாங்கத் துணிந்தார்கள். 1930-ல் ஆண்டுக்கு 22,000 பேர் ஏறி இறங்கிய ரேனர்ஸ் லேன் நிலையத்தில், 1937-ல் 40 லட்சம் பேர். ஏழே வருடத்தில்! அடுத்த வருடமே பழைய கொட்டகை போய், சார்லஸ் ஹோல்டனும் ரெஜினால்ட் யூரனும் வடிவமைத்த செங்கல்லும் கண்ணாடியுமான உயர்ந்த நிலையம் வந்தது. இன்றைக்கும் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

வந்தவர்கள் குடியேறியது ‘செமி’ என்று எல்லாரும் சொல்லும் இரட்டை வீடுகளில். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பங்கள். கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றின் மறுபக்கம் மற்றொன்று. இங்கே படிக்கட்டு இடது என்றால் அங்கே வலது. முன்னால் வளைந்து துருத்தும் ஜன்னல், மாடியில் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் ‘பாக்ஸ் ரூம்’, பின்னால் நீளமான தோட்டம். தெருக்கதவின் வண்ணக் கண்ணாடியில் உதயசூரியன் கதிர் விரிக்கும். 1930-களின் வீடுகளில் அது கோலம் மாதிரி. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில், அந்தக் கண்ணாடிச் சூரியனின் அருமை எனக்கு முதல் குளிர்காலத்திலேயே புரிந்தது.

தெரு அகலத்துக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போர் முடிந்த 1918-ல் டியூடர் வால்டர்ஸ் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. நகரங்களில் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடுகளுக்கு மேல் வேண்டாம், எதிரெதிர் வரிசைகளுக்கு நடுவே 70 அடி இருக்கட்டும், அப்போதுதான் குளிர்கால வெயில் கீழ் ஜன்னலில் விழும் என்றது. உள்ளாட்சி மன்றம் கட்டி வாடகைக்கு விடும் ‘கவுன்சில்’ வீடுகளுக்காக எழுதப்பட்டதுதான். ஆனால், போருக்குப் பிந்தைய புறநகர்களுக்கெல்லாம் அது அளவுகோல் ஆயிற்று. வெயிலுக்காக விட்ட இடைவெளி அது. ஆனால், 70 அடிக்கு அப்பால் எதிர்வீட்டுக்காரியின் முகம் தெரியும். அழுதிருக்கிறாளா என்பது தெரியாது.

அமைதிக்கான ஆசையின் கொடிய முகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் கட்டெஸ்லோ புறநகரில், 1934-ல், தனியார் வீடுகளை விற்ற கம்பெனி ஒன்று தெருவுக்குக் குறுக்கே இரண்டு சுவர்களை எழுப்பியது. ஆள் உயரத்துக்கும் மேல், உச்சியில் இரும்பு முட்கள். அடுத்திருந்த கவுன்சில் வீட்டு ஏழைகள் தங்கள் தெரு வழியே நடக்கக் கூடாது என்பதற்காக. கடைக்குப் போகவும் பேருந்து பிடிக்கவும் அவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சுவர்கள் கடைசியாக இடிபட்டது 1959-ல். சுவர் எழுப்பி ஆளைப் பிரிப்பது என்னவென்று தமிழ்நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐஸ்கிரீம் வண்டிக்குப் பன்னிரண்டு நொடி

வெயில் காலத்தில் எங்கள் தெருவுக்கு ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு வரும். அந்த மணிக்கும் விதி உண்டு. பகல் பன்னிரண்டுக்கு முன் அடிக்கக் கூடாது, மாலை ஏழுக்குப் பின் அடிக்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு நொடிதான். 2013 வரை நாலு நொடியாக இருந்தது. அதற்கப்புறம்தான் பன்னிரண்டு ஆக்கினார்கள். வீட்டு வேலை செய்யும் மேஸ்திரி, பெரும்பாலான லண்டன் கவுன்சில்களில், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை சத்தம் போடலாம். சனிக்கிழமை ஒரு மணியோடு நிறுத்த வேண்டும். ஞாயிறு கூடவே கூடாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் கை வைப்பதற்கென்றே 1996-ல் தனிச் சட்டம் வந்தது. ஆணி அடிப்பது போன்ற சில்லறை வேலை தவிர மற்றவற்றுக்குப் பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

நான் முதன்முதலாக வாசித்து நெகிழ்ந்த விதி பட்டாசுக்கானது. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை பட்டாசு கூடாது. நவம்பர் 5, கை ஃபாக்ஸ் இரவில் மட்டும் நள்ளிரவு வரை. பின்னிரவு ஒரு மணி வரை அனுமதி உள்ள நாட்கள் மூன்று: ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, சீனப் புத்தாண்டு, அப்புறம் தீபாவளி! 2004-ஆம் ஆண்டு விதிகளில் நம் பண்டிகையின் பெயரைப் போட்டு, அவர்களுடைய சொந்தப் பட்டாசு நாளைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த இரவு, இந்த ஊரில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேற்கு ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மனின் தேர் கோடையில் தெருவுக்கு வரும் நாளிலும் அதே எண்ணம் வரும். ‘புறநகர்களின் ராணி’ என்று பெயர் வாங்கிய ஈலிங் அது. இதே மாதிரி வீடுகள், இதே மாதிரி வேலிச் செடிகள், நடுவில் நாதஸ்வரமும் தவிலும். ஈழத்திலிருந்து வந்தவர்கள் கட்டிக் காத்த கோயில். ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கும் ஆங்கிலேயப் பாட்டிகள், கொஞ்ச நேரத்தில் வாசலுக்கே வந்து நிற்பார்கள்.

எழுதாத விதிகள்தான் அதிகம். அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. குப்பைத் தொட்டியை முந்தின இரவே வாசலில் வைக்க வேண்டும். எந்த வாரம் எந்த நிறத் தொட்டி என்பதைத் தெருவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே வருபவரிடம் “ஆல் ரைட்?” என்று கேட்க வேண்டும், அவர் பதிலுக்கு “ஆல் ரைட்?” என்பார். அது நலம் விசாரிப்பு என்று எண்ணி, எனக்கு மூன்று நாளாகத் தலைவலி என்று நான் ஒரு முறை சொல்லத் தொடங்கி, அந்தப் பெண்மணி திகைத்து நின்றார். வானிலைப் பேச்சும் அப்படித்தான். ‘குளிர் விட்டிருக்கிறது, இல்லையா?’ என்பது வாசல் கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பது. மேலே பேச வேண்டுமா, நகர வேண்டுமா என்பதை எதிராளியே முடிவு செய்துகொள்ளலாம். யாரையும் கட்டாயப்படுத்தாத இந்த நாகரிகத்தை நான் மதிக்கிறேன். என்ன சாதி, என்ன சம்பளம், ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று பன்னிரண்டு வருடத்தில் இந்தத் தெருவில் ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அந்த நிம்மதியின் அளவு, அந்தக் கேள்விகளுக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனாலும், முதல் வருடம் முழுக்க என் வீட்டுக் குக்கருக்கே நான் பயந்தேன். விசில் வரப்போகிறது என்றால் ஓடிப்போய் அடுப்பைக் குறைப்பேன், சமையலறைக் கதவைச் சாத்துவேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்ற எண்ணம்.

பகல் பதினொரு மணி

இந்தத் தெரு, மாலையில் வீடு திரும்புகிறவர்களுக்காகக் கட்டப்பட்டது. ஆறரை மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி நடந்து வருகிறவருக்கு இது சொர்க்கம்தான். நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு இது எப்படி இருக்கும் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசித்த ஒருவர் ஸ்டீஃபன் டெய்லர் என்ற இளம் மருத்துவர். 1938-ல் ‘லான்செட்’ இதழில் ‘புறநகர் நரம்புத் தளர்ச்சி’ என்ற பொருள்படும் தலைப்பில் கட்டுரை எழுதினார். புதுப் புறநகர்களிலிருந்து முதுகுவலி, தூக்கமின்மை, படபடப்பு என்று வரும் இளம் மனைவிகளிடம் உடல் நோய் எதுவும் அகப்படவில்லை. தனிமையும் சலிப்பும் கடன் கவலையும்தான் அகப்பட்டன. பிறகு 1960-களில், ஹார்லோ என்ற புதுநகரை ஆராய்ந்தபோது தன் பழைய முடிவைப் பெருமளவு அவரே திருத்திக்கொண்டார். புறநகரைக் குறை சொன்னது மிகை என்றார். ஆராய்ச்சியாளராக அவர் செய்தது சரியாக இருக்கலாம். ஆனால், அந்த 1938-ஆம் ஆண்டுப் பெண்களை நான் அறிவேன். கணவர் ரயில் ஏறியபின், செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அதே மாதிரி வளைந்த ஜன்னலில் நானும் நின்றிருக்கிறேன். தபால்காரர் போவார், ஒரு பூனை போகும். பேசுவதற்கு வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஹாரோ, வெம்ப்ளி என்று இந்தப் பக்கம் கல்யாணமாகி வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள். வசதியான வீட்டில் இருந்துகொண்டு அழுவதற்கு வெட்கம்.

2018 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. 2016-ல் கொல்லப்பட்ட எம்.பி. ஜோ காக்ஸ் தொடங்கிவைத்த பணியின் தொடர்ச்சி அது. செய்தியைப் படித்த சென்னைத் தோழி ஒருத்தி, ‘இதுக்குக்கூடவா மந்திரி?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டாள். வேண்டும் என்றுதான் எழுதினேன்.

எனக்குக் கைகொடுத்தது காது. வேறு வேலை இல்லாததால் கேட்கப் பழகினேன். நடுக்குளிரில் பெரும்பாலான பறவைகள் வாயை மூடிய பிறகும் ராபின் பாடும். ஜனவரி இரவில் குழந்தை அலறுவதுபோல் கேட்டு நான் எழுந்து உட்கார்ந்தது நரியின் இணைதேடும் கூக்குரலுக்கு. 1930-களில் இந்தப் பெரிய தோட்டங்கள் வந்தபோதே நரிகளும் லண்டன் புறநகருக்குக் குடிவந்துவிட்டன. மே மாதம் நாலு மணி இருட்டில் பிளாக்பேர்ட் தொடங்கும். ஒரு நாள் துணி உலர்த்தும்போது, தலைக்கு மேல் ‘கீ, கீ’ என்று எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். நிமிர்ந்தால், பச்சைக்கிளிகள்! அரசலாற்றங்கரையில் நான் பார்த்து வளர்ந்த அதே கிளி. வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து தப்பியவை 1960-களின் இறுதியிலிருந்து இங்கே குஞ்சு பொரித்துப் பெருகி, இன்று தென்கிழக்கு இங்கிலாந்தெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பனியிலும் கத்துகின்றன. யாருக்காகவும் குரலைத் தாழ்த்துவதில்லை.

வியாழக்கிழமை, இரவு எட்டு

2020 மார்ச் 26, வியாழக்கிழமை. ஊரடங்கு தொடங்கிய வாரம். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வாசலுக்கு வந்து மருத்துவமனை ஊழியர்களுக்காகக் கைதட்டுங்கள் என்று அழைப்பு. இந்தத் தெருவில் யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எட்டு அடித்ததும் ஒரு கதவு திறந்தது. அடுத்து ஒன்று. பிறகு தெரு முழுக்க மஞ்சள் வெளிச்சம். உதயசூரியன் கண்ணாடி போட்ட கதவுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறந்து நான் பார்த்தது அன்றுதான். தட்டினார்கள், விசில் அடித்தார்கள், வாணலியைக் கரண்டியால் அடித்தார்கள். நான் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக நின்றேன்.

பக்கத்து வாசலில் அவர் மட்டும் தனியாக நின்று, சத்தமே வராமல், மெல்ல மெல்லக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஓய்ந்த பிறகு வேலிக்கு மேலாகச் சொன்னார்: அவர் மனைவி முப்பது வருடம் நர்ஸாக இருந்தாராம். நான் இந்தத் தெருவுக்கு வருவதற்கு முந்தைய வருடம் இறந்துபோனாராம். எட்டு வருடம் சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவருக்கு மனைவி இருந்ததையும் இறந்ததையும் நான் அன்றுதான் அறிந்தேன். பத்து வாரம், மே 28 வரை, ஒவ்வொரு வியாழனும் வேலியோரம் ஐந்து நிமிடம் பேசினோம். தெருவுக்கு வாட்ஸ்அப் குழு வந்தது. யாருக்கு மாத்திரை வேண்டும், யாருக்குப் பால் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. குழுவில் இப்போது தொலைந்த பூனைகளைப் பற்றித்தான் அதிகம் வருகிறது.

2022 டிசம்பர், லண்டனில் பனி விழுந்த வாரம். ஒரு நாள் காலை இருமல் கேட்கவில்லை. எழுந்து போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் கேட்கவில்லை. “ஊருக்குப் போயிருப்பாரும்மா. நாம போய்த் தட்டினா அவருக்குத்தான் சங்கடம்” என்றார் கணவர். அவர் சொன்னது இந்த ஊர் நியாயம். மூன்றாம் நாள் பனியில் அவர் வாசல் வரை போய்ப் பார்த்தேன். காலடித் தடமே இல்லை. அழைப்பு மணிக்கு விரலைக் கொண்டுபோய்விட்டு நான் அங்கே நின்ற நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால், அத்தனை வருடத் தயக்கமும் அந்த விரலில் இருந்தது.

அழுத்தினேன். வெகுநேரம் கழித்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து திறந்தார். காய்ச்சல். படி ஏற முடியாமல் நான்கு நாளாகக் கீழே சோபாவிலேயே படுத்திருக்கிறார். உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்றார். நானும் அதற்காகத்தான் வராமல் இருந்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மிளகு ரசம் வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுபோனேன். எங்கள் வீட்டின் மறுபக்கமாக இருந்த அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கேட்டார், எனக்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்தது? சொல்லலாமா என்று யோசித்தேன். ஒட்டுக்கேட்டதுபோல் ஆகிவிடுமே. கடைசியில் சொல்லிவிட்டேன், உங்கள் இருமல் கேட்கவில்லை என்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஏழு மணிவாக்கில் உன் அடுப்பில் ஏதோ விசில் அடிக்கிறதே, அது என்ன என்றார். முதல் வருடம் அது பாதியிலேயே நின்றுவிடுமாம், அப்புறம் சரியாகிவிட்டதாம். மூன்று விசில், சில நாள் நான்கு. நாங்கள் ஊருக்குப் போயிருந்த மாதங்களில் அது கேட்காமல் வீடே ஒரு மாதிரி இருந்தது என்றார்.

கிளம்பும்போது இழுப்பறையைத் திறந்து, பச்சை நூல் கட்டிய ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். அவர் வீட்டு வாசல் சாவி. அது இப்போது எங்கள் சமையலறை ஆணியில், கரண்டிகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். “பார்த்தியா, விசில் அடிக்குதான்னு நான் அப்பவே கேட்டேன்ல!” என்றாள்.